ஈயா, தேனீயா?

மடக்குக் கத்தியால் உலகப் புகழ் பெற்ற ஒரு பிரெஞ்சு கிராமம், தன் பெயரைத் திரும்பப் பெற நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பழங்கத்திகளைச் சேகரிப்பவர்களோ அந்தப் பெயரை நம்புவதே இல்லை.

2012 செப்டம்பரில் தென்மத்திய பிரான்சின் மலைக் கிராமம் ஒன்றில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயர்ப் பலகையைத் தாங்களே கழற்றி எடுத்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று, ஊரின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்ட ஒருவருக்கு எதிராகக் கிராமம் தொடுத்திருந்த வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தது. பெயர் நமக்கில்லை என்றால் பலகை எதற்கு என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

ஊரின் பெயர் லயோல். எழுதும்போது நடுவில் ஒரு 'க' சத்தம் வருவது போல எழுதுவார்கள். சொல்லும்போது அதை விழுங்கிவிடுவார்கள். உலகத்தின் எத்தனையோ சாப்பாட்டு மேஜைகளில் இந்தப் பெயர் பொறித்த கத்திகள் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

ஊர் ஒப்ராக் பீடபூமியில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் மக்கள். ரயில் வராது. ரோதேஸ் நகரத்திலிருந்து மலைச் சாலையில் காரில் வர வேண்டும். ஏற ஏற மரங்கள் குறைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. கண்ணுக்கு மை தீட்டியது போலிருக்கும் பழுப்பு மாடுகள். மே மாதக் கடைசியில் இந்த மாடுகளுக்குப் பூச்சூட்டி, மணி கட்டி, மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வது இங்கே திருவிழா. சந்தைத் திடலின் நடுவில் நிற்பதும் ஒரு வெண்கலக் காளைதான். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்திக் கடை.

கத்தி பிறந்ததும் மாட்டுக்காரர்களுக்காகத்தான். குளிர்காலத்தில் பனி மூடினால் ஒப்ராக்கில் வேலை கிடையாது. ஆண்கள் பிழைப்பு தேடி ஸ்பெயினுக்குப் போவார்கள். திரும்பும்போது நவாஹா என்ற ஸ்பானிய மடக்குக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். உள்ளூரில் ஏற்கெனவே மடங்காத ஒரு சிறிய கத்தி புழக்கத்தில் இருந்தது. இரண்டையும் பார்த்துப் பழகிய பியேர் ஜான் கல்மெல்ஸ் என்ற உள்ளூர்க் கொல்லர் 1829இல் உருவாக்கியதே லயோல் கத்தி என்பது ஊரில் சொல்லப்படும் வரலாறு. மெலிந்து நீண்ட அலகு, உள்ளங்கையில் படிந்து நிற்கும் வளைந்த பிடி, முதுகில் இறுக்கமான ஒரு ஸ்பிரிங். அடிப்படை வடிவம் இன்றுவரை இதுதான்.

தேவைக்கேற்பக் கத்தி வளர்ந்தது. 1840இல் ஒரு குத்தூசி சேர்ந்தது. வாரிலும் சேணத்திலும் துளை போட அது உதவியது. வயிறு உப்பிச் சாகக் கிடக்கும் மாட்டைக் குத்திக் காற்றை வெளியேற்றவும் அதுவே கைகொடுத்தது என்பார்கள். 1880இல் கார்க் ஸ்க்ரூ வந்தது. அதன் கதை மலையில் தொடங்கி பாரிஸில் முடிகிறது. ஒப்ராக்கிலிருந்து தலைநகருக்குப் போன ஏழைகள் முதலில் மாடி மாடியாகத் தண்ணீரும் கரியும் சுமந்தார்கள். பிறகு கரிக்கடையிலேயே ஒரு மூலையில் ஒயின் ஊற்றத் தொடங்கி, காலப்போக்கில் பாரிஸின் காபிக்கடை முதலாளிகள் ஆனார்கள். பாட்டில் திறப்பதே தொழிலான பிறகு, சட்டைப்பையிலிருக்கும் ஊர்க் கத்தியிலேயே அதற்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

லயோல் கத்தியை எவரும் அடையாளம் காண்பது அலகும் பிடியும் சேரும் இடத்தில், ஸ்பிரிங்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிறிய தேனீயால்தான். ஒப்ராக் வீரர்களின் துணிச்சலை மெச்சி நெப்போலியன் தன் தேனீச் சின்னத்தை ஊருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்கிறார்கள். தேனீ நெப்போலியனின் சின்னம் என்பது உண்மை. ஆனால் அவர் இறந்தது 1821இல். கத்தி பிறந்ததே அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. கத்தித் தொழிலாளர்களின் பேச்சில் ஸ்பிரிங்கின் தட்டையான அந்த நுனிக்குப் பெயர் 'ஈ'. 19ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் அது பெரும்பாலும் வெறும் இரும்புதான். சிலவற்றில் ஏதாவது பூவோ இலையோ செதுக்கியிருக்கும். தேனீ அங்கே குடியேறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

சேகரிப்பவர்களுக்கு இந்த ஒரு விவரம் போதும். பழங்காலப் பொருள் சந்தையில் "1850ஆம் ஆண்டுக் கத்தி" என்று யாராவது அழகான தேனீயைக் காட்டினால், விவரம் தெரிந்தவர் புன்னகையோடு நகர்ந்துவிடுவார். எதைப் பார்த்து உலகம் 'அசல்' என்கிறதோ, அது இல்லாததே உண்மையான பழசின் அடையாளம்.

பெயரும் தேனீயைப் போலத்தான். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லயோல் கிராமத்தின் பட்டறைகள் நலிந்தன. தேவை பெருகியிருந்தது, மலையிலிருந்த சில கொல்லர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேலை வடக்கே, சாலை வழியே நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தியேர் நகரத்துக்குப் போனது. தியேர் சாதாரண ஊர் அல்ல. இடைக்காலம் முதலே கத்தியே அதன் தொழில். துரோல் ஆற்றின் வேகத்தில் சாணைக்கற்கள் சுழல, தொழிலாளர்கள் பலகைமேல் குப்புறப் படுத்துக் கத்தி தீட்டினார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டார்கள். அலகுக்கு ஒருவர், ஸ்பிரிங்குக்கு ஒருவர், பிடிக்கு ஒருவர், பொருத்துவதற்கு ஒருவர் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது தியேரின் வழக்கம். இன்றும் பிரான்சில் தயாராகும் கத்திகளில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. ஆக, 20ஆம் நூற்றாண்டின் நெடும் பகுதியில் நல்ல லயோல் கத்தி என்பது லயோலில் செய்யப்படாத கத்தி.

1980களில்தான் கிராமம் விழித்துக்கொண்டது. உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து கத்தித் தொழிலை ஊருக்குத் திரும்பக் கொண்டுவர முனைந்தார்கள். 1987இல் ஃபோர்ஜ் த லயோல் என்ற தொழிற்சாலை திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஃபிலிப் ஸ்டார்க். கூரையைப் பிளந்துகொண்டு 18 மீட்டர் உயரக் கத்தி அலகு ஒன்று வானத்தை நோக்கி நிற்கிறது. உள்ளே ஒரு கத்தியைப் பொருத்தத் தொடங்கும் தொழிலாளியே அதை முடித்தும் கொடுக்கிறார். பிடிக்கு மாட்டுக் கொம்பு, எலும்பு, ஆலிவ் மரம், ஜூனிப்பர் மரம். ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் கையாலேயே கோலம் போடுகிறார்கள். நல்ல கத்தியின் விலை நூறு யூரோவைத் தாண்டும்.

தொழில் திரும்பியது, பெயர் போனது. 1993இல் பாரிஸ் புறநகரைச் சேர்ந்த ஒருவர் 'லயோல்' என்ற சொல்லை ஏராளமான பொருள் வகைகளுக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். உரிமம் பெற்றவர்கள் துணி முதல் சிகரெட் லைட்டர் வரை அந்தப் பெயரில் விற்றார்கள். ஊருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. கத்தியின் நிலைமை வேறு விதத்தில் மோசம். 'லயோல்' என்பது கத்தியில் ஒரு வகையின் பெயர், யாருக்கும் தனிச் சொத்தல்ல என்பதே நீதிமன்றங்களின் பார்வை. அதனால் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த மலிவுக் கத்திகளும் தேனீயைச் சுமந்துகொண்டு அதே பெயரில் கடைக்கு வந்தன.

பலகையைக் கழற்றிய பிறகும் கிராமம் விடவில்லை. 2014இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 2016இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்து, வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொன்னது. 2019இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்த்தரப்பின் பல வணிகச் சின்னங்களைச் செல்லாதவை என்றது. ஊர் தன் பெயரைத் திரும்பப் பெற கால் நூற்றாண்டு ஆனது.

இந்திய வாசகருக்கு இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஊர்ப் பெயரோடு ஒட்டிய கைவினைப் பொருளைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் இந்தியாவில் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் இத்தகைய பாதுகாப்பை உலகுக்கே கற்றுத்தந்த பிரான்ஸ், கத்தி போன்ற கைவினைகளுக்கு அதை விரித்தது 2014இல்தான். லயோலின் பாலாடைக்கட்டிக்கு 1961லேயே கிடைத்த காவல், கத்திக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் இல்லை. சட்டம் வந்ததும் புதுச் சண்டை ஒன்று முளைத்தது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது? கத்தியைப் பெற்ற ஒப்ராக் மட்டும்தானா, நூறாண்டு வளர்த்த தியேரும் உண்டா? இரு பக்கமும் நியாயம் இருந்தது.

சேகரிப்பவர்கள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேருவதில்லை. அலகில் 'லயோல்' என்று பொறித்திருப்பதை அவர்கள் படிப்பதுகூட இல்லை. செய்தவரின் முத்திரையைத் தேடுகிறார்கள். கத்தியை மூடி, முதுகை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் வேலை சுத்தமில்லை. அலகு பள்ளத்தின் நட்டநடுவில் படிகிறதா என்று பார்க்கிறார்கள். தேனீ ஸ்பிரிங்கோடு ஒரே இரும்பாக அடிக்கப்பட்டதா, தனியாகச் செய்து ஒட்டவைத்ததா என்று நகத்தால் தடவுகிறார்கள். பழையதென்றால் அலகு கறுத்திருக்க வேண்டும். பல ஆண்டு தீட்டித் தீட்டித் தேய்ந்திருக்க வேண்டும். பளபளக்கும் துரு ஏறாத அலகோடு 'பாட்டன் காலத்துக் கத்தி' இருக்க முடியாது. பிடி தந்தம் என்றால் இன்னொரு சிக்கல்: பன்னாட்டு வணிகத் தடை இருப்பதால் எல்லை தாண்டி எடுத்துச் செல்வது எளிதல்ல.

பல கத்திகளின் பிடியில் சிறு ஆணிகளால் ஆன சிலுவை ஒன்று இருக்கும். மலையில் தனியாக இருந்த இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அதன் முன் ஜெபம் செய்தார்கள் என்று அதற்கொரு விளக்கம். தேனீக் கதையைச் சிரித்து ஒதுக்குபவர்கள்கூட இந்தக் கதையை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை.

கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்பது பிரான்சில் பழைய நம்பிக்கை. பரிசாகப் பெறுபவர் ஒரு நாணயமாவது திருப்பித் தந்தாக வேண்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் கத்திக்கும் அந்தச் சில்லறை உண்டு. அப்படிக் கைமாறி வந்த கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போவது குறைவு. ஒப்ராக்கின் வயதானவர்கள் இன்னும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து சொந்தக் கத்தியை எடுக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டு ரொட்டியால் அலகைத் துடைத்து, ரொட்டியை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு கத்தியைச் சத்தம் வராமல், விரலால் தாங்கி மெதுவாக மூடுகிறார்கள். படீரென்று விட்டால் கூர்முனை ஸ்பிரிங்கில் மோதி மழுங்கிவிடும். அசல் கத்தியோ போலியோ, மூடுகிற விதத்தைப் பார்த்தால் கை எந்த ஊருடையது என்று தெரிந்துவிடும்.