ஒரு பக்கமும் விடாமல்

ஆனி 20, ஞாயிறு

குற்றால மலையிலிருந்து சாரல் இறங்கித் தென்காசித் தெருக்களில் துணி உலர்த்துகிறவர்களைத் திண்டாட வைத்துக்கொண்டிருக்கிற இந்தப் பருவத்தில், டால்ஸ்டாயின் மகா நாவலை ஆறு பேர் கூடி, முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்து முடிப்பதென்ற சங்கல்பத்தோடு, இன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். வாசிக்கிற நூல் டி. எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்த 'போரும் வாழ்வும்'. 1934-இல் 'தினமணி' தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியராக இருந்த அவர் இந்த ஊர்க்காரர். ருஷ்யப் பிரபுக்கள் அத்தனை பேரும் நம்முடைய ஊர் மனுஷர் ஒருவர் வாயிலாகவே தமிழ் பேச வந்தார்கள் என்று கேள்விப்பட்ட பிற்பாடுதான் மரக்கடை அண்ணாச்சி இந்தக் காரியத்துக்குச் சம்மதித்தார்.

நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு பக்கத்தையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை வற்புறுத்தியவன் நான். அதற்கு என் பழைய குற்றமே காரணம். வாலிபத்தில் இதை இங்கிலீஷில் படித்தபோது, யுத்தம் வருகிற பக்கங்களையெல்லாம் கட்டைவிரலால் தள்ளிவிட்டு நட்டாஷா எங்கே என்று தேடிக்கொண்டு போனவன், அப்படிப் போய்விட்டு, 'படித்திருக்கிறேன்' என்று முப்பது வருஷ காலம் சபைகளில் கூசாமல் சொல்லிக்கொண்டும் இருந்தேன். தனியாகப் படிக்கிறவனை யார் கேட்கப் போகிறார்கள்? கூட ஐந்து பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் திருட்டுத்தனம் நடவாது.

360-க்கு மேற்பட்ட அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொண்டால் பங்குனிக்குள் முடியும். அடுக்களையிலிருந்து என் அக்காள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆனி 27, ஞாயிறு

பெயர்களின் உபத்திரவம் பொறுக்க முடியவில்லை. ஒருவரையே ஒரு பக்கத்தில் ஆந்திரேய் என்றும், அடுத்த பக்கத்தில் பல்கோன்ஸ்கி என்றும், அதற்கடுத்த பக்கத்தில் ஆந்திரேய் நிக்கொலாயவிச் என்றும் சொன்னால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றே கணக்குத் தெரியாமல் போகிறது. நடுப்பெயர் தகப்பனாருடையது என்று தலைமையாசிரியை அம்மாள் விளக்கியதும், "அப்போ நம்ம இனிஷியல்தானே! நாம முன்னாலே போடுதோம், அவன் பின்னாலே போடுதான்" என்று அண்ணாச்சி ஒரே வார்த்தையில் சிக்கலை அவிழ்த்துவிட்டார். மறுநாளே கடையிலிருந்து பழைய பேரேடு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். குடும்பத்துக்கு ஒரு பக்கம். புதிதாக வருகிறவர்கள் வரவில், செத்துப்போகிறவர்கள் செலவில்.

ஆடி 23, ஞாயிறு

ஷோன் கிராபர்ன் சண்டை. வாலிபத்தில் நான் தள்ளிவிட்ட பக்கங்களில் முதலாவது இதுதான். துஷின் என்கிற குள்ளமான பீரங்கிப்படைக் காப்டன், காவலுக்கு நின்ற துருப்புகள் விலகிப் போய்விட்டதும் தெரியாமல், வாயில் சுங்கானோடு, எரிகிற கிராமத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். பின்வாங்கும்படி உத்தரவு சொல்ல முதலில் வந்த அதிகாரிகூட அங்கே நிற்கப் பிரியப்படவில்லை. சாயங்காலம் தளபதியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிறபோது, துணைக்கு ஆளில்லை என்ற மெய்யைச் சொன்னால் வேறொரு அதிகாரிக்குத் தீங்கு வருமே என்று, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அவன் பேசாமல் விழிக்கிறான்.

பர்மாச் சண்டையில் இருந்து வந்த சுபேதார் இதுவரை ஒரு அபிப்பிராயமும் சொன்னவரல்லர். இன்று, "எழுதினவன் பீரங்கிக்குப் பக்கத்திலே நின்னவன்தான்" என்றார். நின்றவர்தான், செவாஸ்தபோல் முற்றுகையில் டால்ஸ்டாய் பீரங்கிப்படை அதிகாரி. அதை நான் எடுத்துச் சொன்னபோது, தெரிந்த விஷயத்தைக் கேட்பவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். ஒன்பது அத்தியாயம் என்ற கணக்கு இன்று ஏழாயிற்று.

ஆவணி 20, ஞாயிறு

நிக்கொலாய் ரஸ்தோவ் சீட்டாட்டத்தில் 43,000 ரூபிள் தோற்ற இடம். அண்ணாச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை; பேரேட்டில் ரஸ்தோவ் குடும்பத்துப் பக்கத்தில் சிவப்பு மையால் அந்தத் தொகையை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டார். 43 என்ன கணக்கு என்றால், எதிரே ஆடுகிற தலோஹவின் வயதையும், அவனை வேண்டாமென்று சொன்ன சோன்யாவின் வயதையும் கூட்டினால் வருகிற எண். அதை எட்டுகிற வரைக்கும் விடுவதில்லை என்று தலோஹவ் ஆடியிருக்கிறான். பகையைப் பைசாக் கணக்காக வசூல் செய்கிற இந்த மாதிரி மனுஷனை மரக்கடை வியாபாரத்தில் நிறையப் பார்த்திருப்பதாக அண்ணாச்சி சொன்னார்.

இரவு சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டே அக்காள் கேட்டாள்: "ஏந் தம்பி, வயசைக் கூட்டிக் கணக்கு வச்சானே, அந்தப் பொண்ணு அந்த வீட்டுக்கு என்ன உறவு?" உறவுக்காரப் பெண், தாய் தகப்பன் இல்லாதவள், அந்த வீட்டிலேயே வளர்கிறாள் என்றேன். "சீதனம் ஒண்ணும் இருக்காது" என்றாள். அடுக்களை வரைக்கும் குரல் எட்டுகிறது என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஐப்பசி 21, ஞாயிறு

அடைமழை. சுபேதார் மட்டும் குடையோடு வந்தார். வாசிக்கவில்லை.

மார்கழி 4, ஞாயிறு

பரதினோ. வாசிப்பதற்கு முன்னால் ஒரு வழக்கு. யுத்தம் ஏன் நடக்கிறது, ராஜாக்களும் தளபதிகளும் அதை நடத்துகிறார்களா, அல்லது அதுதான் அவர்களை நடத்துகிறதா என்று டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டுத் தர்க்கம் செய்கிற அத்தியாயங்களை விட்டுவிடலாமென்று பாங்குக் குமாஸ்தா விண்ணப்பம் போட்டார்; ஆதாரமும் வைத்திருந்தார். 1873-இல் வெளிவந்த பதிப்பில் டால்ஸ்டாயே இவற்றில் பலவற்றைக் கதையிலிருந்து பிரித்தெடுத்துக் கடைசியில் அனுபந்தமாகப் போட்டிருக்கிறாராம். எழுதினவரே ஒதுக்கி வைத்ததை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. ஒதுக்கினாரே ஒழிய எறியவில்லையே என்று சமாளித்தேன். கல்லூரி மாணவன் சிரித்தான். நிபந்தனை மட்டும் தப்பிப் பிழைத்தது.

பரதினோவுக்குத் தேதி இரண்டு: ருஷ்யக் கணக்கில் ஆகஸ்ட் 26, மற்றவர்கள் கணக்கில் செப்டம்பர் 7. சுபேதார் குழம்பினார். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாதிரி என்றேன்; தெளிந்தார்.

1867-இல் டால்ஸ்டாய் அந்த மைதானத்துக்கே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் அவர் நம்மைப் போர்க்களத்துக்கு அழைத்துச் செல்வது சிப்பாய் ஒருவனுடைய கண்வழியாக அன்று. வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக, கலியாண வீட்டுக்கு வழி தப்பினவன் போல வந்து சேருகிற பியேரின் கண்வழியாக. சுமார் 70,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழப்போகிற இடத்தில் இந்தத் தடியன் யாருக்கு இடைஞ்சலாக நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் புன்னகை செய்துகொண்டு நிற்பதை நினைத்துக் கூடம் முழுவதும் சிரித்தது. சுபேதாரும் சிரித்தார். "நமக்குப் பக்கத்திலே ஒருத்தன் வேட்டியும் மேல்துண்டுமா வந்து நின்னாப் பயம் போயிரும், சார்வாள். இவனுக்கே ஒண்ணும் ஆகலேன்னா நமக்கு என்ன ஆகப்போகுதுன்னு தோணும்" என்றார். துருப்புகள் அந்த அந்நியனை முதலில் முறைத்துவிட்டு, பிறகு 'நம்ம துரை' என்கிற மாதிரிச் சொந்தம் கொண்டாடுவதன் சூட்சுமம், எத்தனை விமரிசனம் படித்தாலும் எனக்கு இவ்வளவு சுளுவாகப் பிடிபட்டிராது.

பங்குனி 13, ஞாயிறு

முடிவுரையின் முதற்பகுதி. இன்று வாசிக்கிற முறை என்னுடையது.

மாஸ்கோ எரிந்து, நெப்போலியன் ஓடி, பேரேட்டின் செலவுப் பத்தியில் ஆந்திரேயும் பேத்யாவும் கரத்தாயெவும் ஏறிவிட்ட பிற்பாடு, மிச்சமானவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். நிக்கொலாய் மரியாவைக் கலியாணம் செய்துகொண்டான். சோன்யாவும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளைப் பற்றி மரியாவும் நட்டாஷாவும் பேசிக்கொள்கிற பக்கம் வந்தது. காய்க்காமல் உதிர்கிற பூ என்று நட்டாஷா அவளைச் சொல்லப்போகிறாள் என்பது கண்ணுக்கு முன்னாலேயே, நாக்குக்கு வருவதற்கு இரண்டு வரி முன்னதாகவே, எனக்குத் தெரிந்துவிட்டது. மனுஷர்களோடு அல்ல, பூனையைப் போல வீட்டோடு ஒட்டிக்கொண்டவள் என்று ஆசிரியர் சொல்லுவதும் அதற்கு அடுத்தாற்போல நின்றது. அடுக்களையில் டம்ளர்கள் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால், பிள்ளை குட்டி என்று ஒன்றும் இல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள் அக்காள்.

கட்டைவிரல் தானாகவே தாளின் ஓரத்துக்குப் போயிற்று. சுபேதார் என்னை நிமிர்ந்து பார்த்தார்; அவர் கையில் புஸ்தகம் இல்லை, ஆனாலும் நான் நிறுத்தினது எதனால் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வாசித்தேன். குரலைத் தாழ்த்தி வாசித்தேனோ என்னவோ, அது நினைவில்லை. டம்ளர்ச் சத்தம் நின்றது. பிறகு சில அத்தியாயங்கள் தள்ளி, சோர்ந்த முகத்தோடும் உறுதியோடும் அவள் சமோவாரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வருகிற இடத்தையும் வாசித்தேன்.

காப்பி நேரம் கழித்து வந்தது. அக்காள் ஒவ்வொருவர் முன்னாலும் டவராவை வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே போகாமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏந் தம்பி, அந்தச் சமோவாருங்காங்களே, அது எம்புட்டுத் தண்ணி கொள்ளும்?"

வீட்டில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காணும் என்றேன்.

"அப்போ ஒரே கொதிதான். சௌகரியந்தான்" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களுக்காக அங்கேயே காத்து நின்றாள்.