பல் தேய்ந்த சக்கரங்கள்

மர்ஹூம் வாப்பா அவர்கள் நமக்கென்று விட்டுச் சென்றவை ஓர் ஓட்டு வீடும் ஒரு புல்லட்டுமே. 1974ஆம் ஆண்டில் வாங்கிய வண்டி அது. ஜவுளி மூட்டையைப் பின்னால் வரிந்து கட்டிக்கொண்டு ஆதிச்சநல்லூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஊர் ஊராய்ப் போய் வியாபாரம் செய்த அவர்கள், மஃரிபு பாங்குக்கு முன் வீடு திரும்பிவிடுவார்கள். சாலைத் திருப்பத்தில் அந்தச் சப்தம் கேட்டதும் உம்மா தேயிலைக்கு உலை வைப்பார்கள். தாளம் தப்பாத சப்தம். அதைக் கேட்ட பின்னரே பொழுது சாய்ந்ததாக, சிறு பிராயத்தில் நமக்குத் தோன்றும்.

அந்தத் தாளம் சில ஆண்டுகளாகக் கெட்டிருந்தது. எஞ்சினின் வலப்புறத்தில், தகரப் பெட்டியில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை. ஏற்றத்தில் இழுவை குறைந்தது. உதைத்துக் கிளப்பும்போது மிதிகட்டை திருப்பியடித்து நம் கணுக்காலை வீங்க வைத்த நாட்களும் உண்டு. வண்டிக்கும் வயதாகிவிட்டது, ஓட்டுபவருக்கும் வயதாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினோம்.

இதனிடையே மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நெருக்கடி வந்தது. பழைய வண்டிகளைச் சேர்த்து வைப்பதில் பிரியமுள்ள தூத்துக்குடி அன்பர் ஒருவர், நாம் எதிர்பாராத விலையைச் சொன்னார். ஆனால் இந்த ஓசையை என்ன செய்வது? பட்டறைக்காரர் ஒருவர் யோசனை கூறினார். எஞ்சின் எண்ணெயுடன் கெட்டியான கியர் எண்ணெயைக் கலந்து ஊற்றினால் சப்தம் அமுங்கிவிடுமாம்; ஒரு மாதம் தாங்குமாம். “அதுக்குள்ள வண்டி கை மாறிடுமே பாய்” என்றார். ஊற்றினோம். மறைப்பானேன், நம் கையாலேயே ஊற்றினோம். மறுநாள் வந்த அன்பர் காதைக் கொடுத்துக் கேட்டு மகிழ்ந்தார். வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் பணத்துடன் வருவதாகச் சொல்லிச் சென்றார்.

வியாழனன்று மத்ரஸாவில் சபக்கு, கிதாபுல் புயூஉ. விற்ற பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்னும் ‘கியாருல் ஐபு’ பற்றிய பகுதி. கால் நூற்றாண்டாக நாம் ஓதிக்கொடுக்கும் பாடம். இரண்டொரு நாள் பால் கறவாமல் மடியைக் கட்டி வைத்து, பெருத்த மடியைக் காட்டி ஆட்டை விற்பவனின் உதாரணத்தைச் சொல்லி முடித்தோம். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “இந்தக் காலத்தில் ஆட்டு மடிக்குப் பதிலாக எதை உதாரணம் சொல்லலாம், உஸ்தாத்?” என்று கேட்டான். அவன் ஒன்றும் அறியாமல்தான் கேட்டான். நம் நாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “நாளை சொல்கிறோம்” என்று கிதாபை மூடினோம்.

அன்று அஸருக்குப் பின் அன்பரைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னோம். மறுமுனையில் நெடிய மௌனம். “சரி செய்த பிறகு சொல்லுங்கள்” என்று வைத்துவிட்டார். அது கோபமா மரியாதையா என்று நமக்கு விளங்கவில்லை.

நம்மூர்ப் பறம்பை வாசகர்கள் அறிவார்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிப் பார்த்துப் பெர்லினுக்கு அள்ளிச் சென்றது போக, பின்னர் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயர் தோண்டியபோதும் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வந்த இடம் அது. 2023இல் அங்கேயே ஓர் அருங்காட்சியகம் திறந்து, குழிகளிலுள்ள தாழிகளைக் கண்ணாடியின் வழியே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்க வருகிற கார்கள் நெரியும் திருச்செந்தூர்ச் சாலையில்தான் எழுபது வயது அண்ணாச்சி ஒருவரின் பட்டறையும் இருக்கிறது. அங்கும் பழைய இரும்புதான். ஆனால் ஓடும் இரும்பு.

அண்ணாச்சி முதலில் எண்ணெயை வடித்தார். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வலப்புற மூடியைக் கழற்றினார். மூடிக்குள்ளேயே இரண்டு எண்ணெய்ப் பம்புகள். ஒன்று எண்ணெயை அனுப்ப, மற்றொன்று திருப்பிக் கொண்டுவர. அதன் பின்னே டைமிங் சக்கரங்கள். எஞ்சினின் பிரதான அச்சு முனையில் சிறிய பினியன். அதற்கு மேல் இரண்டு கேம் சக்கரங்கள். அவற்றையடுத்து, தீப்பொறிக்குரிய பாயிண்டைச் சுழற்றும் சிறு சக்கரங்கள். அச்சு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று என்னும் நான்கு வேலைகளில் எந்த வால்வு எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேமின் மேடு. ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், எல்லா வேலையும் நடக்கும். ஒன்றும் அதனதன் வக்தில் நடக்காது.

அண்ணாச்சி கேம் சக்கரத்தை விரலால் அசைத்துக் காட்டினார். பற்களுக்கிடையே இடைவெளி விழுந்து ஆடியது. கேமின் மேட்டில் குழி விழுந்திருந்தது. கேமின் துளையும் அது சுழலும் தண்டும் தேய்ந்திருந்தன. “பினியனை மட்டும் மாற்றினால் போதாதா, அண்ணாச்சி?” என்றோம். கைச்செலவு கண்ணில் நின்றது. “பழைய பல்லோட புதுப் பல்லைச் சேர்த்தா, பழசு புதுசைத் தின்னுரும் வாத்தியாரய்யா. மாத்தினா குடும்பத்தோட மாத்தணும்” என்றார்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கேமை மேனாட்டார் கண்டுபிடிப்பென்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். 1206ஆம் ஆண்டில் தியார்பக்ரில் அர்த்துகீ மன்னரின் பணியிலிருந்த அல்ஜஸரீ தம் பொறிகள் பற்றிய கிதாபை எழுதியபோதே, சுழலும் தண்டில் மேடுகளை வைத்து உறுப்புகளை உரிய நேரத்தில் அசைய வைக்கும் உபாயம் அதில் விளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிதாபின் அரபுப் பெயரிலேயே இல்மும் அமலும் ஒன்றாய் நிற்கும். அறிவையும் பயன் தரும் செயலையும் ஒருங்கு சேர்ப்பது என்பது அதன் பொருள். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தலைப்பு நம்மைச் சும்மா விடவில்லை.

உதிரிபாகம் கிடைக்குமோ என்ற கவலை வீண். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே தாய் நிறுவனம் மறைந்தது. இங்கே திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்பு எஞ்சின் சிற்சில மாறுதல்களுடன் 2010 வாக்கு வரை பிறந்துகொண்டிருந்தது. ஆகவே மதுரையிலிருந்து நான்கே நாளில் சக்கரங்கள் வந்து சேர்ந்தன.

பினியனுக்கு முன்னால், பம்பை ஓட்டும் புழுத்திருகு ஒன்று நட்டாக முடுக்கப்பட்டிருக்கும். அதன் மரை இடமரை. பழக்கமில்லாதவர் வழக்கம்போல் திருப்பி, கழற்றுவதாக எண்ணி இறுக்கி, மரையைக் கெடுத்துவிடுவாராம். அண்ணாச்சி அதை மறுபுறம் திருப்பிக் கழற்றி, இழுப்பான் கொண்டு பினியனை உருவினார். புதுத் தண்டுகளை அடித்திறக்கி, சக்கரங்களில் பொறித்திருந்த புள்ளிகளும் கோடுகளும் நேர் நிற்க வைத்தார். பிறகு கையால் அச்சைச் சுற்றினார். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை குறிகள் எதிரெதிரே வந்து நின்றன. அவர் இருபது முறையாவது சுற்றியிருப்பார். நாமும் ஒருமுறை சுற்றிப் பார்க்கக் கேட்டோம், கொடுத்தார்.

தீப்பொறியின் நேரம் வைத்த முறைதான் நம்மை மிகவும் கவர்ந்தது. பிளக் துளை வழியே மெல்லிய கம்பியை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கையில் நிறுத்தினார். பாயிண்டின் இரு முனைகளுக்கிடையே சிகரெட் தாளின் ஒரு துண்டைச் செருகி மெல்ல இழுத்தார். பாயிண்ட் மூடியிருந்தால் தாள் சிக்கும். திறக்கும் கணத்தில் வழுக்கிக்கொண்டு வரும். தாள் வழுக்கிய இடத்தில் திருகை இறுக்கினார். நம் கணுக்காலை வீங்க வைத்தது இந்தக் கணக்கின் பிழையே. பொறி முந்தினால் எஞ்சின் திருப்பியடிக்கும்.

மூடியைப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, அது மேலே ஏறுகிறதா என்று திருகாணியைத் தளர்த்திப் பார்த்த பின்னரே அண்ணாச்சி உதைக்க விட்டார். முதலில் சிறு ஊளை. “புதுப் பல்லு, இறுக்கமா இருக்கு. அறுநூறு மைல் ஓடட்டும்” என்றார். ஊளைக்கு அடியில் அந்தப் பழைய தாளம் கேட்டது. சற்று நேரம் நாம் பேசவில்லை.

மறுவாரம் அன்பர் வந்தார். தேய்ந்த சக்கரங்களை ஒரு துணியில் விரித்து மேசைமேல் வைத்து, எவை புதியவை, எவை இன்னும் பழையவை என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். ஊளையையும் சொன்னோம். முதலில் சொன்ன விலையில் சிறிது குறைத்துக்கொண்டே கொடுத்தார், கட்டணத்துக்குப் போதுமானதாயிருந்தது. போகும்போது அந்தப் பழைய சக்கரங்களையும் தருவீர்களா என்று கேட்டார். வண்டியோடு சேர்ந்தவை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். பல் தேய்ந்த அந்தச் சிறு பினியனை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். அவரிடம் கேட்டுத்தான்.