கருவைத் தாங்கும் கட்டி

கட்டி என்றதும் கத்தியை நினைப்பது நம்மவர் சுபாவம். கர்ப்பவதியின் சினைப்பையில் நீர்க்கட்டி என்றால் கேட்கவா வேண்டும்! நம் சகோதரிக்கு 7-வது வாரம் ஸ்கானில் அப்படியொன்று தென்பட்ட தினம், வீட்டில் எவருக்கும் அன்னம் இறங்கவில்லை. ஆனால் ஆரம்ப வாரங்களில் காணும் கட்டி பெரும்பாலும் வேறு விஷயம். முட்டை வெளிப்பட்ட இடத்தில் உண்டாகும் மஞ்சள் நிறத் திசுவில் நீர் தேங்கியதே அது. நஞ்சு பொறுப்பேற்கும் வரை, சுமார் 10 வாரம், கருவைத் தாங்கும் புரொஜெஸ்டிரோனைச் சுரப்பது அந்தத் திசுதான். அவசரப்பட்டு அகற்றுவது, வீடு நிற்கும்போதே தூணைப் பெயர்ப்பது போலாகும். அநேகமாக 16 வாரத்துக்குள் தானே வற்றிவிடும். சகோதரியினுடையதும் அவ்வாறே மறைந்தது. வற்றாமல் பெருப்பதை டாக்டர்கள் கவனித்து வருவார்கள். ஒன்றுக்கு மட்டும் தாமதிக்கலாகாது. ஒரு பக்கத்து அடிவயிற்றில் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் கண்டால், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல், நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும்.