பணம் வர்றதுக்கு எதுக்கு பின்னு?

செக்யூரிட்டி பிளஸ்னு ஒரு சைபர் பாதுகாப்புப் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்.
திருத்தணியில ரயில் ஏறினதும் போர்ட் நம்பர் மனப்பாடம்.
22 எஸ்எஸ்ஹெச். 53 டிஎன்எஸ். 443 ஹெச்டிடிபிஎஸ். 3389 ரிமோட் டெஸ்க்டாப்.
பக்கத்து சீட்டு பெரியவர் மந்திரம்னு நினைச்சாரோ என்னவோ, கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டார்.

நேத்து மலைப்படிக்குக் கீழ பூ வாங்க நின்னேன்.
பூக்கார அக்காவுக்கு ஒரு போன். ஸ்பீக்கர்ல.
முதல்ல தெலுங்கு, அப்புறம் தமிழ். (எல்லை ஊருல்ல, திருடனுக்கும் ரெண்டு பாஷை வேணும்.)
"வாட்ஸப்ல க்யூஆர் கோடு வந்திருக்கும்மா. ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 5000 ரூபா வந்துடும்."

"பணம் வர்றதுக்கு எதுக்குய்யா பின்னு?"
கட் பண்ணிட்டு முழம் அளக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அவ்ளோதான்.
யுபிஐல பின் போட்டா பணம் போகும், வராது. அது அவங்களுக்குத் தெரியும்.
எனக்கு இதே விஷயம் விஷிங், ப்ரீடெக்ஸ்டிங்னு ஒரு முழு பாடம்.
பரீட்சை 90 நிமிஷம், 90 கேள்வி வரைக்கும், 900க்கு 750 எடுத்தாதான் பாஸ்.

சும்மா இருக்காம, "சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் போன் பண்ணி சொல்லுங்கக்கா"ன்னேன்.
"அந்த நம்பரை எம்பொண்ணு எப்பவோ போட்டுக் குடுத்துட்டா. நீ என்ன தம்பி படிக்கிற?"
"இதேதான்கா."
"இதுக்குப் படிப்பு வேற இருக்கா?"

பதில் சொல்லாம சில்லறையை வாங்கிட்டு வந்துட்டேன்.

சரி, ஒண்ணு சொல்லுங்க.
அக்கா அஞ்சு செகண்டுல கண்டுபிடிக்கிறாங்க.
டிகிரி முடிச்சவங்க 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு எவனோ மிரட்டினா மட்டும் ஏன் கதவைச் சாத்திட்டு வீடியோ கால் முன்னாடி உக்காந்துடறாங்க?