பேரேட்டில் பதினெட்டு மாதங்கள்

இலங்கைக் குடியுரிமை கேட்டு என் அத்தா 1951ஆம் ஆண்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல் எங்கள் கோவை கோட்டைமேட்டு வீட்டில் இன்றும் இருக்கின்றது. அதை வாசிக்குந்தோறும், சபராளியின் வாழ்வைச் சட்டம் எவ்வாறு அளக்கின்றது என்ற எண்ணமே மேலிடுகின்றது.

அத்தா கொங்குநாட்டுக் கைத்தறிச் சேலைகளைக் கொழும்புப் புறக்கோட்டையில் விற்று வந்தவர். 1933இல், பத்தொன்பது வயதில், தனுஷ்கோடியில் கப்பலேறினார். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார், சில மாதம் தங்குவார், மீண்டும் போவார். நிக்காஹ் இங்கே, பிள்ளைகள் பிறந்தது இங்கே, கடை அங்கே. நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. இத்தகையோரை இலங்கைக் குடிக்கணக்கு ‘இந்தியச் சோனகர்’ என்று தனியே எழுதியது.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஈராண்டுத் தவணை கொடுத்தது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். மணமானவர் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும், அதன்பின் விண்ணப்ப நாள் வரையிலும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அத்தொடர்ச்சி அறுந்தது. மனைவியின் வசிப்பும் கணக்கில் வந்தது.

1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அஞ்சி ஊர் திரும்பியவர்களுள் அத்தாவும் ஒருவர். தாயாரின் நோயும் சேர்ந்துகொள்ள, பதினெட்டு மாதம் கழித்தே போக முடிந்தது. அதுவரை கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார்.

பின் நடந்ததை அத்தா சொல்லக் கேட்டிருக்கின்றேன். வசிப்புக்குச் சான்றாக அவர் கொண்டுபோனது கடைப் பேரேடு. வேறென்ன இருந்தது? அப்பேரேட்டிலேயே பதினெட்டு மாதம் வேறொருவர் கையெழுத்து. விசாரித்த அதிகாரி அதைக் கண்டுகொண்டார். “உம் மனைவி எங்கே?” என்பது அடுத்த கேள்வி. “கோயம்புத்தூரில்” என்றார் அத்தா. வேறு விதமாகச் சொல்லும்படி முன்பே சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர் அதற்கு இணங்கவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இந்திய அரசமைப்பின் 8ஆம் பிரிவின்படி, பிறந்த நாட்டின் குடிமகனாகத் தம்மைப் பதிந்துகொள்ள மற்றொரு விண்ணப்பம் எழுதினார். தற்காலிக வசிப்பு அனுமதியோடு சில ஆண்டு கடை நடத்தி, 1958இல் மூடிவிட்டு வந்தார். கோட்டைமேட்டில் அவர் பெயர் கடைசிவரை ‘கொழும்பார்’தான்.

தன்னிடம் வேரூன்றியவர் யார் என்று ஒரு நாடு கேட்பது தவறென்று நான் சொல்லேன். மலேசிய அரசமைப்பும் 12 ஆண்டில் 10 ஆண்டு வசிப்பைக் கேட்கின்றது. ஆனால் பெற்ற தாயின் பிணிக்கு வந்திருந்த மாதங்களை வேரறுந்த மாதங்களாக எழுதிக்கொள்வது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

அத்தாவுக்காவது திரும்பிவர ஒரு வீடு இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோருள் பலருக்கு அதுவும் இல்லை. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு கோத்தகிரிக்கும் வால்பாறைக்கும் வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தார்கள்.

2003இல் இலங்கை இயற்றிய சட்டம், அவ்வுடன்பாட்டு நாள் முதல் அங்கே நிரந்தரமாக வசித்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. கலவரத்துக்கு அஞ்சித் தமிழகம் வந்திருந்தவர்களுக்கு அந்த ‘நிரந்தரமாக’ என்ற சொல்லே தடையாயிற்று. 2009இல் அதைத் திருத்தி, அவர்கள் இங்கே கழித்த ஆண்டுகள் குறையாகக் கொள்ளப்படாதிருக்க வழி செய்தார்கள். அதற்கு இருபது ஆண்டு முன்பே அத்தா மௌத்தாகியிருந்தார்.