நீருக்குள் கிடக்கும் கல்

கார்த்திகை, திங்கள்

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் சரிந்து கிடக்கும் பழைய கொங்கிரீட் கட்டிகளை எடுத்து மேலே அடுக்கவேண்டும். கிரேன் கிடையாது, நிற்கிற பெக்கோவாலேயே பாருங்கள் என்றார்கள். எந்த வேலைத்தளத்திலும் இதே கதைதான். பெக்கோ தோண்டப் பிறந்தது. தூக்குவது அதற்கு உபதொழில்.

கபினில் ஒட்டியிருக்கும் பார அட்டவணையை ஒப்பரேட்டர் நானாவோடு இருந்து வாசித்தேன். ஐ.எஸ்.ஓ. 10567 என்ற தரத்தின்படி, இயந்திரத்தைக் கவிழ்க்கும் பாரத்தில் 75 வீதம், ஹைட்ரோலிக் தூக்கும் பலத்தில் 87 வீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. அதுவும் சமமான, இறுகிய தரைக்கு. மழையில் ஊறிய கடற்கரைக்கு எந்த அட்டவணையும் பொறுப்பேற்காது.

செவ்வாய்

"நேத்துத் தூக்கின அதே சைஸ் கட்டிதானே தம்பி, இண்டைக்கு ஏன் தூக்காது?" நானாவின் கேள்வி நியாயமானதுதான். கட்டி அதேதான், கிடக்கும் தூரம் வேறு. நேற்று பெக்கோ ஓடும் செயினுக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்றைக்குப் பூமை முழுக்க நீட்டினால்தான் எட்டும். பக்கவாட்டில் அவ்வளவு நீட்டித் தூக்கும்போது, பம்பின் பலம் தீருமுன்னே சமநிலை தீர்ந்துவிடும். எஞ்சின் முனகாது, மறுபக்கச் செயின் நிலத்தைவிட்டு எழும்பும், அவ்வளவுதான். ஆகவே, செயின் இரண்டும் கடலைப் பார்க்க நேராக நிறுத்தி, முன்பக்கமாக மட்டுமே தூக்குவது என்று முடிவுசெய்தோம். கரை சரியத் தொடங்கினால் நேரே பின்னுக்கு எடுக்கவும் அதுதான் வசதி.

ஆனால் துறைமுகத்தில் பெரிய ஏமாற்று தண்ணீர்தான். ஒரு கன மீட்டர் கொங்கிரீட் கரையில் 2.4 தொன். கடலுக்குள் அது சுமார் 1.4 தொன்தான். கட்டி இலேசாக எழும்பி வரும், மனம் குளிரும். மேற்பரப்பைக் கிழித்து வெளியே வரவர, அந்த ஒரு தொன் திரும்பவும் ஏறும். பூமோ இன்னும் நீட்டியபடியே நிற்கும். அதனால் முதலிலிருந்தே 2.4 என்றே கணக்குப் பார்க்கவேண்டும். ஷேக்கிள், பெல்ட், கழற்றாவிட்டால் பக்கட், எல்லாவற்றின் எடையும் அதற்குள் அடங்கவேண்டும். கட்டியைத் தண்ணீருக்குள்ளேயே கரைக்குக் கிட்ட இழுத்துவந்து, பிறகுதான் வெளியே எடுக்கவேண்டும்.

சேற்றில் புதைந்தது இதற்கு நேர் எதிர். அடியில் சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும். விடுபடும்வரை சொந்த எடையைவிட அதிகமாக இழுக்கும், விடுபட்டதும் துள்ளும். வெட்டி இழுத்தால் ஆபத்து. சுற்றியுள்ள சேற்றை முதலில் பக்கட்டால் வாரிவிட்டு, ஒரு ஓரத்தை மெல்லக் கிளப்பிப் பிடித்தபடி, அடியில் தண்ணீர் புகும்வரை பொறுக்கவேண்டும். வற்றுக்குக் காத்திருந்தால் என்ன என்று பொடியன் ஒருவன் கேட்டான். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. காத்திருந்தும் பெரிய பயன் இல்லை.

புதன்

மழை. வேலை இல்லை.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தைப் புரட்டினேன். 1942 இன் 45 ஆம் இலக்கம். அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்றுதான் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. பாரம் தூக்கும் சங்கிலி, கயிறுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. யுத்த காலத்துச் சட்டம், இன்னும் பல தளங்களுக்குப் புதுச் செய்தி.

வெள்ளி

பெல்ட்டுகளில் ஒன்றின் லேபிளை வாசிக்க முடியவில்லை. எவ்வளவு தாங்கும் என்று தெரியாத பெல்ட்டை வைத்து என்ன செய்வது? இரண்டாக வெட்டிப்போட்டேன், முழுதாக விட்டால் நாளைக்கு யாராவது எடுத்துக் கட்டுவார்கள். பக்கட் பல்லில் கொழுவித் தூக்குவதற்கும் தடை போட்டாயிற்று. ஷேக்கிளைப் போடத் தூக்குக்கண் இருக்கிறதே, பிறகென்ன?

இரண்டு பெல்ட்டும் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றும் பாரத்தில் ஏறக்குறைய 58 வீதத்தைத் தாங்கும். 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டிவரும். பெல்ட் கட்டையாக இருக்கிறதென்று நீட்டி இழுத்துக் கட்டும் பழக்கம் இங்கே நிறைய.

சைகை காட்ட ஒரே ஆள். நாலு பேர் நாலு பக்கமும் கைகாட்டினால் நானா யாரைப் பார்ப்பார்? "நிப்பாட்டு" என்பதை மட்டும் யாரும் கத்தலாம்.

பின்னேரத்துக்குள் கிட்டக் கிடந்தவை ஏறிவிட்டன. தூரத்தில் கிடப்பவை அட்டவணைக்கு வெளியே. அவற்றுக்குக் கிரேன் கேட்டு, தூரத்தையும் எடையையும் குறித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.