முதல் நான்கு புள்ளிகள்

வேதியியல் மாணவர்க்கு ஆக்சாலிக் அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பழைய நண்பர்கள். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் பியூரெட்டிலிருந்து முதல் துளி விழும். இளஞ்சிவப்பு சற்று நேரம் அப்படியே நிற்கும், பிறகு மறையும். அடுத்தடுத்த துளிகளோ விழுந்தவுடன் மறைந்துவிடும். முதல் துளிக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம் என்று நான் கேட்டதே இல்லை. மதிப்பெண் முடிவுநிலைக்குத்தானே!

அந்த அலட்சியத்தின் பலனை முதுகலை முதலாண்டில் வட்டியும் முதலுமாக அனுபவித்தேன்.

அன்று வினைவேக ஆய்வு. இரு கரைசல்களையும் அறை வெப்பநிலையில் கலந்து, குறித்த நேரந்தோறும் 5 மி.லி. எடுத்துப் பொட்டாசியம் அயோடைடில் ஊற்ற வேண்டும். மீந்திருக்கும் பெர்மாங்கனேட்டுக்கு ஏற்ப அயோடின் வெளிப்படும். அதைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். அமிலம் மிகுதியாக இருப்பதால் மடக்கை வரைபடம் நேர்கோடாக வரும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வந்ததோ வேறு. முதல் நான்கு புள்ளிகள் ஏறக்குறையப் படுத்துக் கிடந்தன. அதன்பின் கோடு கிடுகிடுவென இறங்கியது.

கடிகாரத்தைச் சந்தேகித்தேன், பிப்பெட்டைச் சந்தேகித்தேன். மறுபடி செய்தும் அதே கதை. மணியோ நாலரை. நான்கு அளவீடுகளையும் ரப்பரால் அழித்து, கோட்டுக்கு இசைவான எண்களை எழுதி வைத்தேன். பக்கத்து மேசைத் தோழி தமக்கு வந்ததை வந்தபடியே வரைந்து கொடுத்தார். 'பாவம், மதிப்பெண் போயிற்று' என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியர் இரு பதிவேடுகளையும் அருகருகே விரித்து வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. புதிய கலவையில் மாங்கனஸ் சல்பேட்டுக் கரைசலைச் சிறிது விட்டு, "இப்போது செய்து பாரப்பா" என்றார். தொடக்கத் தயக்கம் போன இடம் தெரியவில்லை!

வினையில் விளையும் மாங்கனஸ் அயனியே இவ்வினைக்கு ஊக்கி. பெற்ற பிள்ளை தலையெடுத்து வீட்டைத் தாங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அது பெர்மாங்கனேட்டுடன் வினைபுரிந்து இடைப்பட்ட ஆக்சிசனேற்ற நிலைகளிலுள்ள மாங்கனீசைத் தருகிறது. அவற்றுள் மூன்றாம் நிலை மாங்கனீசு ஆக்சலேட்டைப் பற்றி அணைவாகிறது. அணைவு சிதையும்போது கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறுகிறது. மாங்கனீசு மீண்டும் மாங்கனஸ் அயனியாகிறது. கலந்தவுடன் கரைசலில் அந்த அயனி இராது. அது பெருகும் வரை வினை மந்தம். இதைத்தான் தன்வினையூக்கம் என்கிறார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த சொல்தான். குடுவைக்குள் இருந்தபோது அடையாளம் தெரியவில்லை.

நூலகத்தில் தேடியபோது வெட்கம் இன்னும் கூடியது. ஆக்ஸ்போர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியல் அறிஞரும் எஸ்ஸன் என்ற கணித அறிஞரும் சேர்ந்து 1866இல் வெளியிட்ட ஆய்வு இதே வினையைப் பற்றியது. வினைவேகவியலின் முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. நான் அழித்த சங்கதி அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிருந்திருக்கிறது.

அடுத்த வாரம் அனுமதி பெற்று, மாங்கனஸ் உப்புச் சேர்க்காமலே ஆய்வை மறுபடி செய்தேன். தொடக்கத்தில் இன்னும் நெருக்கமாக அளவெடுத்தேன். இம்முறை படுத்துக் கிடந்த புள்ளிகள் ஏழு.